மச்சான் ஏறிய பரண்

வடக்கே வேட்டைக்காக மரத்தில் கட்டும் பரணுக்கு மச்சான் என்று பெயர். என் மச்சான் அமெரிக்காவில் ஒரு மச்சான் வாங்கியிருக்கிறான் என்று சொன்னபோது, மாமியாருக்கு அதைப் புரியவைக்கவே கால் மணி நேரம் ஆனது.

அவன் என் மனைவியின் தம்பி. மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம் நோவியில் இருக்கிறான். போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் வந்தான். அங்கே காலை பத்தரை. பின்னால் ஒரே மரமாகத் தெரிந்தது.

"மாமா, உங்க டிபார்ட்மெண்ட் சமாச்சாரம் ஒண்ணு கேக்கணும்."

என் டிபார்ட்மெண்ட் என்பது இதுதான்: இருபத்திரண்டு வருடமாகக் கட்டட சைட்டுகளில் சேஃப்டி ஆபீசர். இப்போது சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு அடுக்குமாடி. உயரத்தில் வேலை செய்கிறவன் படி வழியாக மட்டுமே கீழே வரவேண்டும், வேறு எப்படியும் வரக்கூடாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

விஷயம் என்னவென்றால், கூட வேலை செய்யும் ஒருவர் தன் சொந்த நிலத்தில் மான் வேட்டைக்கு இவனைக் கூப்பிட்டிருக்கிறார். என் மனைவி தோசைக் கரண்டியோடு வந்து போனுக்குள் எட்டிப் பார்த்து, "கிண்டி பார்க்ல மானைப் பாத்துட்டு வீட்டுக்கு வரமாட்டேன்னு அழுதவன்தானே நீ?" என்றாள். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே கணக்கு வேறு. மிச்சிகனில் மட்டும் ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்ட கார்கள் மான் மீது மோதுகின்றன. இவனுடைய காரும் அதில் ஒன்று. லைசென்ஸ், சீசன், எத்தனை மான் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. வில்லுக்கு அக்டோபர் 1-ல் சீசன் தொடங்கும், துப்பாக்கிக்கு நவம்பர் 15. 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்கவேண்டும். இவன் முடித்துவிட்டான். எடுத்துப் போவது கிராஸ்போ, அதாவது துப்பாக்கிக் கட்டையின் மேல் வில்லைப் படுக்கவைத்தது போல ஒன்று. வேட்டை சரியா தப்பா என்பதை அக்காவும் தம்பியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கு அவன் பதினைந்து அடி உயரத்தில் உட்காரப் போகிறான் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

"எந்த மரம், காட்டு" என்றேன்.

காட்டினான். நல்ல நேரான மரம், கிளையே இல்லாத அடிப்பகுதி, சவுக்குக் கம்பு மாதிரி. பார்க்க அழகாக இருந்தது. எனக்கு அந்த ஊர் மரம் எதுவும் தெரியாது. ஆனால் பட்டை உரிந்து கிடப்பதும், மேலே ஒரு இலை கூட இல்லாததும் தெரிந்தது. செப்டம்பரில் பக்கத்து மரமெல்லாம் பச்சையாக நிற்கும்போது இது மட்டும் ஏன் மொட்டையாக நிற்கிறது? கேமராவைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னேன். பட்டையில் சின்னச் சின்ன ஓட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு, அரைவட்ட வடிவம்.

நில உரிமையாளரிடம் கேட்டதும் உடனே சொல்லிவிட்டார். அது ஆஷ் மரம். 2002-ல் டெட்ராய்ட் பக்கம்தான் முதலில் கண்டுபிடித்தார்களாம், ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு. அதன் புழு பட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டி மரத்தைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் இப்படிப் போயின. செத்த மரம் பார்க்க நிமிர்ந்துதான் நிற்கும். வர்தா புயலுக்கு அடுத்த நாள் எங்கள் தெருவில் கிடந்த மரங்களில் பாதி, முந்தின நாள் வரை அப்படி நிமிர்ந்து நின்றவைதான்.

ஐம்பதடி தள்ளி உயிரோடு இருக்கும் ஓக் மரம் ஒன்றைப் பிடித்தார்கள்.

அப்புறம் எந்தப் பரண் என்ற பேச்சு வந்தது. மூன்று வகை சொன்னான். ஒன்று, நம் ஊரில் தென்னை ஏறும் கருவி இருக்கிறதே, அதே தத்துவம்: இரண்டு சட்டங்கள், மேல்சட்டத்தை உயர்த்தி அதில் பாரம் போட்டு, காலால் கீழ்ச்சட்டத்தை இழுத்துக்கொண்டு புழு மாதிரி ஏறவேண்டியது. முதுகில் மாட்டிப் போகலாம். ஆனால் மேல்சட்டத்தையும் கீழ்ச்சட்டத்தையும் ஒரு கயிற்றால் இணைக்காவிட்டால், கீழ்ச்சட்டம் காலிலிருந்து நழுவித் தரைக்குப் போய்விடும். மனிதன் மேலே நாற்காலியில் தொங்குவான். இரண்டாவது, ஐந்தாறு கிலோவில் ஒரு சின்னப் பலகை மட்டும். படிகளைத் தனியாகக் கட்டி ஏறி, மேலே போய் அதில் காலை மாற்றி வைக்கவேண்டும். அந்தக் கால் மாற்றும் இடம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மூன்றாவது ஏணிப் பரண். நாற்பது கிலோ, தூக்கிப்போக மூன்று பேர் வேண்டும், ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். கற்றுக்குட்டிக்கு அதுதான் என்றேன். மாமா கிழவன் மாதிரி யோசிக்கிறார் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

நண்பரிடம் பழைய பரண் ஒன்று சும்மா இருக்கிறது, காசு மிச்சம் என்றான். வருஷம் முழுக்க மரத்திலேயே கிடந்தது. அதை மரத்தோடு கட்டும் நைலான் பட்டையை விரலால் மடக்கிக் காட்டச் சொன்னேன். மடக்கின இடத்தில் மாவு மாதிரி நூல் உதிர்ந்தது. வெயிலில் நைலான் பட்டை அப்படித்தான் ஆகும். இன்னொரு இடத்தில் அணில் கடித்திருந்தது. போதாததற்கு, மரம் பருத்து, நைலான் பட்டை இறுகி, கொக்கி லேசாக வாய் பிளந்திருந்தது. அதோடு ஒரு இடுப்பு பெல்ட் வேறு. இடுப்பு பெல்ட்டை விழுவதைத் தடுக்கப் பயன்படுத்தக்கூடாது என்று அமெரிக்காவிலேயே கட்டட வேலைத்தளங்களில் 1998-ல் தடை போட்டாயிற்று. விழுகிற மொத்த வேகத்தையும் அது வயிற்றில் வாங்கும். இல்லையென்றால் அக்குள் வழியாக நழுவிப்போகும். புதிதாக ஏணிப் பரண் வாங்கினான். பெட்டிக்குள்ளேயே தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் ஃபுல் பாடி ஹார்னஸும் இருந்தது.

"அதான் ஹார்னஸ் இருக்கே மாமா, மேல போய் உக்காந்ததும் மாட்டிக்குவேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

2011-ல் ஒரு சைட். பெயர் வேண்டாம். சாரத்தில் மூன்றாவது அடுக்கிலிருந்து நான்காவதுக்கு ஏறிக்கொண்டிருந்த பையனுக்கு வயது இருபத்து மூன்று. கீழே விழுந்தான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஹார்னஸ் போட்டிருந்தான், தொடைப் பட்டை, மார்புப் பட்டை எல்லாம் ஒழுங்காக இருந்தது. சாரத்தில் மாட்டவேண்டிய ஹூக் மட்டும் அவன் இடுப்பிலேயே மாட்டியிருந்தது. மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறான். காலையில் அவன் ஹார்னஸைச் சரிபார்த்து டிக் அடித்தவன் நான்தான். இரண்டு குதிகாலும் நொறுங்கின. உயிர் பிழைத்தான். அதற்கப்புறம் அவன் சாரம் ஏறவில்லை.

பரணிலும் அதே கதைதான். உட்கார்ந்திருக்கும்போது விழுகிறவர்களை விட ஏறும்போது, இறங்கும்போது, ஏணியிலிருந்து பலகைக்குக் கால் மாற்றும்போது விழுகிறவர்கள் அதிகம். அதனால் தரையிலேயே மாட்டவேண்டும், தரைக்கு வந்த பிறகுதான் கழற்றவேண்டும். இதற்கு அங்கே லைஃப்லைன் என்றே கயிறு விற்கிறார்கள். உட்காருமிடத்துக்கு மேலே, தலைக்கும் மேலே மரத்தில் ஒரு முனை, மரத்தடியில் மறுமுனை. நடுவில் ப்ரூசிக் என்ற முடிச்சு. கையால் தள்ளினால் மேலே கீழே வழுக்கிக்கொண்டு போகும், பாரம் விழுந்தால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். சைட்டில் இரும்பில் ரோப் கிராப் போடுகிறோம், இவர்களுக்கு முடிச்சே அந்த வேலையைச் செய்கிறது. ஏற ஏற அதைத் தள்ளிக்கொண்டே போகவேண்டியது. உட்கார்ந்ததும், ஹார்னஸிலிருந்து அந்த முடிச்சுக்குப் போகும் முதுகுப் பட்டையில் தளர்வே இருக்கக்கூடாது.

சரி, அந்தக் கயிற்றை முதன்முதலில் மேலே கட்ட யார் ஏறுவது? ஏணி அப்போது மரத்தில் சும்மா சாய்ந்துதான் நிற்கும். அதற்கு எங்கள் ஆட்களைப் போலவே செய்யச் சொன்னேன்: தரையில் நின்றபடியே ஏணியின் நடுவிலிருந்து மரத்தைச் சுற்றிக் குறுக்காகக் கயிறு இழுத்துக் கட்டி, இரண்டு பேர் அடியைப் பிடிக்க, மூன்றாவது ஆள் மின்கம்பம் ஏறுகிறவர் மாதிரி மரத்தைச் சுற்றி இடுப்புக் கயிறு போட்டு ஏறவேண்டும். முழு நாள் ஆனதாம். ஆகட்டும்.

ஏறுவதற்கு முன்னால் அவன் வீட்டுக் கொல்லையில் ஒரு ஒத்திகை. தொங்கிப் பார்க்காமல் எவனும் ஹார்னஸைப் புரிந்துகொள்வதில்லை. மேப்பிள் கிளையில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தொங்கினான், பக்கத்தில் மனைவி, எதிரே மகள் கைகொட்டிச் சிரிக்கிறாள். முதல் நிமிடம் அவனும் சிரித்தான். இரண்டாவது நிமிடம் சிரிப்பு நின்றது. மூன்றாவது நிமிடம், "மாமா, தொடை மரத்துப்போகுது" என்றான். ஆமாம். காலில் ரத்தம் தங்கிவிடும், அசையாமல் தொங்கினால் அதுவே ஆளைக் கொல்லவும் கூடும். அதற்குத்தான் பையில் ஒரு பட்டை வளையம். அதில் காலை வைத்து மிதித்து எழுந்து நிற்கலாம், அங்கிருந்து ஏணியை எட்டிப் பிடிக்கலாம். போன் பேன்ட் பாக்கெட்டில், பைக்குள் இல்லை. எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்பது வீட்டில் தெரிந்திருக்கவேண்டும். வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏறக்கூடாது, நாண் ஏற்றாமல், அம்பு வைக்காமல் கீழே கயிற்றில் கட்டிவிட்டு, மேலே போய் உட்கார்ந்து தூக்கிக்கொள்ளவேண்டும். ஏணியில் இரண்டு கையும் ஏணிக்கு.

அக்டோபர் முதல் வாரம் ஒரு படம் அனுப்பினான். நான்கு மணி நேரம் உட்கார்ந்தானாம். மான் வரவில்லை, இரண்டு அணிலும் ஒரு வான்கோழியும் வந்தன. அக்காவுக்கு ஏக சந்தோஷம், "நல்லவேளை" என்று அந்தப் படத்தை ஃபேமிலி குரூப்பில் போட்டுவிட்டாள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகுப் பட்டை சரி. முடிச்சு தலைக்கு மேலே, சரி. வலது தொடைப் பட்டை மட்டும் ஒரு முறுக்கு முறுக்கிக் கிடந்தது. அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.