கோகுவை (புறப்பாட நடவடிக்கையை) விட்டுவிடாதீர்கள்: எஸ்.பி.எம். எழுதிய ஒரு கான்வென்ட் அக்காவின் அனுபவம்

மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் 2024ஆம் ஆண்டுக்கான முடிவு 2025 ஏப்ரல் 24 அன்று வெளிவந்தது. மலாய்மொழி ஏ+, வரலாறு ஏ+, தமிழ் ஏ+, ஆங்கிலம் ஏ. கணிதம் பி. மற்றவை இதற்கு நடுவில். கணிதத்துக்கு வழி கேட்பவர்கள் வேறு யாரிடமாவது கேளுங்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. எழுதிப் புள்ளி வாங்க வேண்டிய பாடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முடிவு வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இத்தனை நடவடிக்கையில இருந்துக்கிட்டு எப்படிம்மா படிச்ச?" நான் படித்ததே அந்த நடவடிக்கைகளால்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் செட்டைப் பற்றி. ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆரைக் கடைசியாக 2019இல் எழுதியவர்கள் நாங்கள். 2020இல் படிவம் 1 சேர்ந்து, பள்ளிக்கூடத்தில் எந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குள் மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. படிவம் 3க்கு வந்த ஆண்டு பி.டி.3 தேர்வையே எடுத்துவிட்டார்கள். ஆக, யூ.பி.எஸ்.ஆருக்குப் பிறகு நாங்கள் உட்கார்ந்த முதல் அரசாங்கத் தேர்வே எஸ்.பி.எம். பயம் இல்லாமல் இருக்குமா? படிவம் 5 தொடங்கிய மார்ச் மாதமே டியூஷனில் ஒருவர் சொன்னார்: "கோகுவை எல்லாம் நிறுத்திடுங்க, இனி புத்தகம் மட்டும்தான்." என் வகுப்பில் பாதிப் பேர் நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. தனி அறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் எனக்கு எதுவும் ஏறாது. நாலு பேரோடு நின்று பேசி, அதை எழுதிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். உங்களுக்கும் அப்படித்தான் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

பினாங்கில் கான்வென்ட் என்றாலே இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்று இன்னமும் நினைக்கிறார்கள். குழந்தை இயேசு சபை சிஸ்டர்கள் 1852இல் பினாங்குக்கு வந்து பள்ளி தொடங்கிய காலத்துக் கதை அது. இப்போது இந்தப் பள்ளிகளில் பாடமொழி மலாய். ஆசிரியர்களை அனுப்புவது கல்வி அமைச்சு. சேப்பலும் மாதா சிலையும் வளாகத்தில் இருந்தாலும் பாடத்திட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். எங்களில் தமிழ்ப்பள்ளியிலிருந்து போன பிள்ளைகள் பெரும்பாலும் இந்துக்கள், சிலர் கத்தோலிக்கர். டிசம்பர் வந்தால் கத்தோலிக்க மாணவர் கழகம் முதியோர் இல்லத்துக்கு அனுப்பும் பரிசுப் பெட்டிகளை எல்லாரும் சேர்ந்தே கட்டுவோம். கத்தோலிக்கத் தோழிகள் சிலர் பாரிஷில் வகுப்பு எடுத்துக்கொண்டு பைபிள் பாடத்தையும் எஸ்.பி.எம்.மில் எழுதினார்கள். லூக்கா நற்செய்தியும் திருத்தூதர் பணிகளும்தான் அதன் பாடநூல். அதற்கும் கட்டுரை மாதிரிதான் எழுத வேண்டும், ஆகவே நான் சொல்லப்போவது அவர்களுக்கும் பொருந்தும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பணித்தியமும் (பாட ஆசிரியர் குழுவும்) ஒவ்வொரு கழகமும் தான் நடத்திய நிகழ்ச்சியைப் பற்றி ஒரு பக்க அறிக்கை கொடுக்க வேண்டும். அது பள்ளிச் செய்தி மடலுக்குப் போகும், ஆண்டு முடிவில் மலரில் வரும். அந்த ஒரு பக்கத்தை எழுத யாரும் முன்வர மாட்டார்கள். படிவம் 4இல் தமிழ்மொழிக் கழகச் செயலாளராக என்னைப் போட்டதால் அது என் தலையில் விழுந்தது. அப்புறம் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அணியில் கேட்டார்கள். அப்புறம் வரலாற்றுப் பணித்தியத்து டீச்சர் கேட்டார். ஒரு கட்டத்தில் ஒரே வாரத்தில் தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

திருக்குறள் மனனப் போட்டியைப் பற்றி நான் எழுதிய முதல் அறிக்கை, எல்லாரும் எழுதுகிற மாதிரியே முடிந்திருந்தது: "நிகழ்ச்சி இனிதே நடைபெற்றது. மாணவர்கள் பெரிதும் பயனடைந்தனர்." தமிழ் டீச்சர் இரண்டு வரியையும் சிவப்பு மையில் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: "யாருக்கு? என்ன பயன்? நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன மாறியது?" மீண்டும் எழுதிக்கொண்டு போனேன். படிவம் 2 பிள்ளை ஒருத்தி முதல் அடியைச் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள், கண் கலங்கிவிட்டது. பின்வரிசையில் இருந்த படிவம் 5 அக்கா ஒருவர் அடுத்த சீரை மெல்ல எடுத்துக் கொடுத்தார். அவள் முழுக் குறளையும் சொல்லி முடித்தாள். மறுவாரக் கூட்டத்துக்குத் தன் தோழிகளையும் கூட்டிவந்தாள். இந்த முறை டீச்சர் ஓர் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தி, அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: எதை எழுதினாலும் "அதனால் என்ன மாறியது?" என்று கேட்டு அடுத்த வாக்கியத்தை எழுதுங்கள். மலாய் முதல் தாளின் 70 புள்ளிக் கட்டுரையில் பெரும்பாலோர் கருத்தை மட்டும் அடுக்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். புள்ளி இருப்பது விளக்கத்திலும் எடுத்துக்காட்டிலும் விளைவிலும்தான். இளையோர் தன்னார்வப் பணி என்று தலைப்பு வந்தால், "சமூகப் பொறுப்பு வளரும்" என்று எழுதி நிறுத்துகிறவர் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் முதலுதவிப் பணிக்கு நின்றவளுக்கு, வெயிலில் மயங்கிய பாட்டியை நிழலில் உட்கார வைத்து, காலணியைத் தளர்த்தி, அவர் கண் விழிக்கும்வரை பேச்சுக் கொடுத்தது தெரியும். அதை மூன்று வாக்கியத்தில் எழுதினால் அந்தப் பத்தி தானாக நிற்கும். அந்தப் பயணத்தில் ஃபெரியிலும் ரயிலிலும் வரலாற்றுப் பாடத் தலைப்புகளை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டே போனோம். நேரம் ஒன்றும் வீணாகவில்லை.

ஆங்கிலம் எழுத்துத் தாள்: மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி, ஒன்றரை மணி நேரம். முதல் பகுதி 80 சொல், இரண்டாவது 125 முதல் 150, மூன்றாவது 200 முதல் 250. மூன்றாவது பகுதியில் அறிக்கை கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள், இல்லாவிட்டால் கட்டுரை. கதைப் பக்கமே போகாதீர்கள். கதை நன்றாக எழுதுகிறவர்கள் என்மேல் கோபப்படலாம், ஆனால் நேரம் பார்த்து எழுதும்போது கதைதான் முதலில் கைவிடும். செய்தி மடலுக்குச் சொல் கணக்குப் பார்த்து வெட்டிப் பழகியவருக்கு இந்தத் தாள் ஒரு பாரமே இல்லை.

தமிழுக்கு: செய்யுளையும் மொழியணியையும் கழகத்துப் புதிர்ப் போட்டிக்குக் கேள்வி தயாரித்தே படித்தேன். கேள்வி தயாரிப்பவருக்குப் பதில் மறக்காது. வேறு தனி முயற்சி எதுவும் செய்யவில்லை.

வரலாறு. படிவம் 4 மூன்றாவது அத்தியாயம், ஜப்பானிய ஆட்சி. பணித்தியம் நடத்திய வரலாற்று வாரத்துக்குச் சுவர்ப்பலகை செய்தோம், அறிக்கை நான் எழுதினேன். லைட் ஸ்திரீட் கான்வென்டை ஜப்பானியர் எடுத்துக்கொண்டார்கள். கிரெனேடியர் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து 1943இல் பிடிபட்ட மாலுமிகளை அந்த வகுப்பறைகளில்தான் அடைத்து வைத்தார்கள். அவர்கள் சுவரில் கீறிய பெயர்கள் பிறகும் அழியாமல் பாதுகாக்கப்பட்டன. நாம் அன்றாடம் பஸ்ஸில் கடந்துபோகும் சாலையில் இது நடந்தது என்று தெரிந்த பிறகு அந்த அத்தியாயத்தை நான் மனப்பாடம் செய்யவே இல்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது இருக்கும், தேடுங்கள். முதல் தாளின் 40 கேள்விக்கு பாடநூலை வரிக்கு வரி படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் இரண்டாம் தாளில் கருத்துக் கேட்கும் கேள்விகளுக்கு "என்ன மாறியது?" என்பதே போதும்.

அறிக்கை எழுத நான் கடைப்பிடித்தவை:

- நிகழ்ச்சி நடந்த அன்றிரவே எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் "இனிதே நடைபெற்றது" தானாக வந்துவிடும்.
- நேரம், இடம், யார் பேசினார் என்பதைக் கைப்பேசியில் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். படத்தை நம்பாதீர்கள்.
- ஒரே ஓர் ஆளை அருகிலிருந்து காட்டுங்கள். எல்லாரையும் பற்றி எழுத வேண்டாம்.
- உரக்கப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.
- ஒரே நிகழ்ச்சியை வேறு மொழியில் எழுதும்போது முதலில் எழுதியதைப் பார்க்காதீர்கள். புதிதாக எழுதுங்கள்.
- திருத்திய தாளை எறியாதீர்கள். தேர்வுக்கு முந்திய வாரம் நான் புரட்டியது அந்தச் சிவப்பு மையைத்தான்.

இனி கோகு புள்ளி. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 90 விழுக்காடு பாடத்துக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் புதன்கிழமை மத்தியானம் மழை வந்தால் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வருகைக்குத்தான் அதிகப் புள்ளி. பதவி, போட்டி எல்லாம் அதற்கு மேல். ஒன்றும் ஜெயிக்காவிட்டாலும் தவறாமல் வந்து நின்றவளுக்கு நல்ல புள்ளி கிடைக்கும்.

ஒரு விஷயத்தில் இன்னும் என் வயிறு எரிகிறது. என் நெருங்கிய தோழி மாநில அளவில் பங்கெடுத்தாள். அவளுடைய சான்றிதழ் பி.ஏ.ஜே.எஸ்.கே. (புறப்பாட மதிப்பீடு) கணக்கில் ஏறவே இல்லை. பதிய வேண்டியவர் மாற்றலாகிப் போய்விட்டார், அடுத்து வந்தவர் கவனிக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஒரு பிள்ளை வெயிலில் நின்று சம்பாதித்த புள்ளி, ஒரு பெரியவரின் மேசையில் காணாமல் போவது நியாயமே இல்லை. ஆகவே:

- ஒவ்வொரு சான்றிதழையும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று டீச்சரிடம், ஒன்று உங்கள் கோப்பில். அசல் வீட்டில்.
- கொடுத்த தேதியைப் பிரதியின் மேலேயே எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்துக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.
- ஆண்டு முடிவதற்குள் உங்கள் புள்ளியைக் காட்டச் சொல்லுங்கள். "டீச்சர், என்னுதை ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள்.

படிவம் 5 முழுவதும் எல்லாவற்றிலும் இருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு கழகம், ஒரு சீருடை இயக்கம், ஒரு விளையாட்டு போதும். சோதனைத் தேர்வுக்குப் பிறகு நான் பயிற்சிக்குப் போகவில்லை, அறிக்கை மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஜனவரியில் எழுத்துத் தேர்வு ஓடிக்கொண்டிருந்தபோதே பொங்கல் வந்து போனது, வீட்டில் பால் பொங்கியதைப் பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்துக்குத் திரும்பினோம். தைப்பூசத்துக்கு எல்லாம் முடிந்திருந்தது. தண்ணீர்மலையில் அணியோடு நின்று தண்ணீர்ப் பந்தலில் வேலை செய்தேன், பழக்கதோஷத்தில் அன்றிரவும் அறிக்கை எழுதினேன்.

கடைசியாக, தமிழ்ப்பள்ளியிலிருந்து கான்வென்டுக்கோ வேறு இடைநிலைப்பள்ளிக்கோ போகும் தங்கைகளுக்கு. தமிழ் வகுப்பு அட்டவணையில் இல்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் வகுப்புக்கு வழி செய்ய வேண்டும். எங்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது. அம்மாக்கள் வாசலில் நின்று பெயர் சேர்த்தார்கள், வகுப்பு பள்ளி முடிந்த பிறகு நடந்தது, பசியோடு உட்கார்ந்தோம். படிவம் 1 சேர்ந்த முதல் மாதத்திலேயே பெயர்ப் பட்டியலைத் தயார் செய்யுங்கள். பெற்றோரின் கையெழுத்து, தொலைபேசி எண், பிள்ளையின் வகுப்பு மூன்றும் இருக்கட்டும். அலுவலகத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.