தங்கத்தில் எல்லாம் ஒட்டும்

லேபிள் இல்லாத சென்சார், அதாவது தேடும் மூலக்கூறுக்கு அடையாளம் எதுவும் கட்டாமலே அதைக் கண்டறியும் கருவி என்று முதலில் கேள்விப்பட்டபோது, ஒரு வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன். எலைசா சோதனையில் தேடும் புரதத்தை, அதை மட்டும் பற்றும் ஆன்டிபாடியால் பிடித்த பிறகு, நொதி கட்டிய இன்னோர் ஆன்டிபாடியை அதன்மேல் ஏற்றி, நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டும். இதில் அந்தப் பாடெல்லாம் கிடையாது. கண்ணாடிப் பட்டகத்தின்மேல் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் தங்கப் படலம். அடியிலிருந்து ஒளி பாய்ச்சினால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் எதிரொளி மங்கும். தங்கத்தின்மேல் ஏதாவது ஒட்டினால் ஒளிவிலகல் எண் மாறி, அந்தக் கோணம் நகரும். 1968-இல் இயற்பியலாளர் கிரெட்ச்மான் காட்டிய அமைப்பு இது.

‘ஏதாவது ஒட்டினால்’. நான் கவனிக்காமல் தாண்டிப்போன சொல் அதுதான்.

தங்கத்தின்மேல் ஆன்டிபாடியைப் பூசி, மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்ற புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இரத்தச் சீரத்தைச் செலுத்தியதும் திரையில் கோண நகர்வைக் காட்டும் கோடு விறுவிறுவென ஏறியது. அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள், ஆன்டிபாடியே பூசாத பக்கத்துத் தடத்தில் அதே சீரத்தை விட்டேன். அங்கேயும் அதே ஏற்றம்! ஒட்டியதில் பெரும்பங்கு அல்புமின் என்ற வேறொரு புரதம். சீரத்தில் அது லிட்டருக்கு 40 கிராம் அளவில் இருக்கிறது. ட்ரோபோனினோ நானோகிராம் கணக்கு. எலைசாவின் இரண்டாவது ஆன்டிபாடியை வெட்டிச் செலவு என்று எண்ணியிருந்தேன். பிடிபட்டது யார் என்று சாட்சி சொன்னதே அதுதான்.

அடுத்தது வெப்பநிலை. ஒரு டிகிரி கூடினால் நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.0001 குறையும். கருவி உணர்வது 0.000001. டிகிரியில் நூறில் ஒரு பங்கு போதும், இல்லாத நோயைக் காட்ட. யாராவது அறைக்கதவைத் திறந்தால்கூடக் கோடு சாய்கிறது. (குமிழி நுழைந்தால் நடப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.)

ஆனாலும் இதை விட மனமில்லை. மூலக்கூறுகள் வந்து பற்றுவதையும், கழுவும்போது மெல்ல விலகுவதையும் அந்தந்த நொடியிலேயே பார்க்க முடிகிறது. புதிய சென்சார் பற்றிய கட்டுரை கிடைத்தால் மட்டும், சோதித்தது தூய கரைசலிலா, சீரத்திலா என்று முதலில் தேடுகிறேன்.

இப்போது வெற்றுத் தடத்தைக் கழித்துத்தான் வரைபடம் போடுகிறேன். போன வாரம் கழித்ததில் மிஞ்சியது, எறும்பு ஏறி இறங்கும் அளவுக்கு ஒரு மேடு. அதே மாதிரியை மேலும் மூன்று முறை விட்டுப் பார்த்தேன். இரண்டில் வந்தது.