நரம்பு மீள்வளர்ச்சிக் கேள்வியா? கொலஸ்ட்ராலைப் பின்தொடருங்கள்

"புற நரம்பு மீள்வளர்ச்சியில் சவ்வு லிப்பிடுகளின் பங்கு" என்று தேர்வில் கேட்டால் பாதிப் பேர் லிப்பிடுகளின் (கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்புப் பொருட்கள்) வகைப்பாட்டை எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். செமினாருக்காக இதைப் படித்தபோது எனக்குக் கைகொடுத்தது வேறு வழி: நரம்பு அறுபட்ட நொடியில் தொடங்கி, கட்டத்துக்குக் கட்டம் லிப்பிடுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனேன்.

அறுபட்டதும் கால்சியம் உள்ளே பாய்கிறது, சவ்வுப்பைகள் கூடி ஆக்ஸானின் (நரம்பு செல்லின் நீண்ட இழை) வெட்டுமுனையை அடைக்கின்றன. இதற்கு இரண்டு வரி போதும். அப்புறம் வாலரியன் சிதைவு, அதாவது வெட்டுக்கு அப்பால் உள்ள ஆக்ஸான் பகுதி சிதைவது. 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்துச் சொன்னது. சவ்வின் உட்புறத்தில் இருக்க வேண்டிய பாஸ்ஃபாட்டிடைல்செரின் என்ற லிப்பிடு, சிதையும் ஆக்ஸானில் வெளிப்புறம் வந்துவிடும். விழுங்கும் செல்களுக்கு அதுதான் அடையாளம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பதற்கு ஏற்ற இடம், விடாதீர்கள்.

ஆக்ஸானைச் சுற்றியிருக்கும் உறையான மயலினின் உலர் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் லிப்பிடுதான். அதை முதலில், மயலினை உருவாக்கும் ஷ்வான் செல்களே உடைக்கத் தொடங்குகின்றன, சில நாட்களில் விழுங்கும் செல்களான மேக்ரோபேஜ்கள் வந்து சேர்கின்றன. பாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2 என்ற நொதி உண்டாக்கும் லைசோபாஸ்ஃபாட்டிடைல்கோலின் என்ற லிப்பிடு மயலின் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். மூளை, தண்டுவடத்தில் இந்தச் சுத்தம் மிக மெதுவாக நடக்கிறது, அங்கே மீள்வளர்ச்சி குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த ஒப்பீட்டை எழுதினால் விடைக்குக் கனம் கூடும்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. உடைந்த மயலினின் கொலஸ்ட்ரால் வீணாவதில்லை. இடித்த வீட்டுச் செங்கல்லை எடுத்துப் புது வீடு கட்டுவது மாதிரிதான். மேக்ரோபேஜ்கள் அதைச் சேமித்து, அப்போலிப்போபுரோட்டீன் இ (அப்போ இ) என்ற புரதம் கொண்ட லிப்போபுரோட்டீன்களில் (லிப்பிடைச் சுமக்கும் துகள்கள்) ஏற்றி அனுப்புகின்றன. வளரும் ஆக்ஸான் முனையும் ஷ்வான் செல்லும் அந்தத் துகள்களைப் பிடிக்கும் எல்டிஎல் ஏற்பிகள் வழியாக வாங்கிக்கொள்கின்றன. வெளியிலிருந்து வரத்து இருப்பதால், அந்தக் காலத்தில் ஷ்வான் செல் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் "அப்போ இ இல்லாவிட்டால் நரம்பு வளராது" என்று எழுதிவிடாதீர்கள். அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளிலும் நரம்பு மீண்டும் வளர்வதை 1993இல் காட்டிவிட்டார்கள். மாற்று வழிகள் இருக்கின்றன என்று எழுதுவதே சரி.

கடைசியாக, புதுச் சவ்வுக்கான சரக்கு எங்கே தயாராகிறது? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜீன் வான்ஸும் ராபர்ட் காம்பெனாட்டும் எலியின் சிம்பதெடிக் நியூரான்களை (தானியங்கி நரம்பு மண்டலத்தின் நரம்பு செல்கள்), செல் உடல் ஒரு அறையிலும் ஆக்ஸான் வேறு அறையிலுமாக வளர்த்துப் பார்த்தார்கள். சவ்வின் முக்கிய லிப்பிடான பாஸ்ஃபாட்டிடைல்கோலினை ஆக்ஸானே தயாரிக்கிறது. கொலஸ்ட்ரால் தயாரிப்பு செல் உடலில்தான். மேலே சொன்ன மறுசுழற்சி ஏன் தேவைப்படுகிறது என்பது இங்கே புரியும்.

படம் வரைய நேரமிருந்தால் மயலின், மேக்ரோபேஜ், லிப்போபுரோட்டீன், ஆக்ஸான் முனை என்று அம்புக்குறி போட்டு ஒரே ஒரு படம் போதும். வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்பதை அதன் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.