கலைத்துப் போட்ட பிரேம்கள்

வேலையில் சேர்ந்த முதல் வருடம். பல அறைகளின் வீடியோ கான்பரன்ஸ் ஒரே லிங்கில், அதாவது ஒரே நெட்வொர்க் இணைப்பில், போக வேண்டும்; எவ்வளவு பஃபர் (அனுப்பும்வரை தரவு காத்திருக்கும் இடம்) வைத்தால் பாக்கெட்டுகள் என்ற தரவுத் துண்டுகள் இடமில்லாமல் விழாமல் போகும் என்று கணக்கிட்டுச் சொல்வது என் பொறுப்பு.

வீடியோவின் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம்; அதைச் சுருக்கித்தான் அனுப்புவோம். ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பிரேம் சிறியதாக இருக்கும், அசைந்தால் பெரிதாகும். பதிவு செய்த பிரேம்களில் எந்த அளவு எத்தனை முறை வந்தது என்று ஹிஸ்டோகிராமாக வரைந்தேன். காமா பரவல் என்ற நிகழ்தகவு வளைவு அதற்கு அழகாகப் பொருந்தியது. அதிலிருந்து ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியே குலுக்கி எடுத்து சிமுலேஷன் ஓட்டியதில் இழப்பு ஏறக்குறைய பூஜ்யம். நம்பிக்கையோடு அறிக்கை கொடுத்தேன்.

சோதனைக்கூடத்தில் நிஜப் பதிவுகளை ஓட்டியபோது பாக்கெட்டுகள் கொத்துக் கொத்தாக விழுந்தன, படம் உறைந்தது. நிரலில்தான் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் எங்கள் குழுவின் மூத்த பொறியாளர் வந்து பார்த்தார். "அந்த நிஜ பிரேம்களையே சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் போட்டு ஓட்டிப் பாருங்க" என்றார்.

கலைத்தேன். அதே பிரேம்கள், அதே சராசரி, அதே ஹிஸ்டோகிராம். இழப்பைக் காணோம்! எழுந்து நடக்கும் ஒருவர் அடுத்த பிரேமிலேயே உட்கார்ந்துவிடுவதில்லை. பெரிய பிரேம்கள் வினாடிக்கணக்கில் தொடர்ந்து வரும். அளவை அளந்த நான் வரிசையைக் கேட்கவே இல்லை.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். காரெட், வில்லிங்கர் என்ற ஆய்வாளர்கள் 1994-இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் சுமார் 1,71,000 பிரேம்களை ஆராய்ந்து, தொலைவில் உள்ள பிரேம்களுக்கு இடையிலும் தொடர்பு மிக மெதுவாகவே தேய்கிறது என்று காட்டியிருந்தார்கள். அந்தத் தொடர்பை அளக்கும் எண்ணுக்கு ஹர்ஸ்ட் என்பவரின் பெயர். அவர் எகிப்தில் நைல் நதியை ஆராய்ந்த நீரியலாளர். வெள்ள வருடங்களும் வறண்ட வருடங்களும் கூட்டம் கூட்டமாக வருவதைக் கண்டு, நீர்த்தேக்கம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று 1951-இல் எழுதினார். அவருடைய நீர்த்தேக்கம்தான் என் பஃபர். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனாலும் இவ்வளவு நீண்ட நினைவு எங்களுக்குத் தேவைப்படவில்லை. நேரடி உரையாடலில் பஃபர் சில மில்லிவினாடிகள்தான் தாங்கலாம். அது காலியாகும் ஒவ்வொரு முறையும் பழைய கதை அங்கேயே முடிந்துவிடும். ஹேமன், லக்ஷ்மண் என்ற ஆய்வாளர்கள் 1996-இல் இதைத்தான் வாதிட்டார்கள். எங்கள் வேலைக்கு அவர்கள் பக்கமே நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால் எளிய மாதிரிக்கே போனேன்: ஒரு நிகழ்தகவோடு முந்தைய பிரேமின் அளவையே வைத்துக்கொள், இல்லாவிட்டால் அதே காமாவிலிருந்து புதிதாக எடு. அடுத்தடுத்த பிரேம்களின் தொடர்பு என்ற ஒரே எண்தான் கூடுதல். சிமுலேஷனிலும் பாக்கெட்டுகள் கொத்தாக விழத் தொடங்கின.

இரண்டாம் அறிக்கையில், பஃபரைக் கூட்டினால் பேச்சு தாமதமாகுமே தவிர வினாடிக்கணக்கில் நீளும் நெரிசலை அது தாங்காது, லிங்கின் கொள்ளளவைத்தான் கூட்ட வேண்டும் என்று எழுதினேன். முதல் பக்கத்தில் ஒரே படம்: நிஜ வரிசையின் இழப்பும், கலைத்த வரிசையின் இழப்பும் பக்கத்தில் பக்கத்தில்.