என்ன முறை?

போன மாரியில் அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அவளுக்கு 67, எனக்கு 64. ஒரே வீட்டில் 26 வருசம். அம்புலன்ஸ் நம்பர் 1990க்குப் போன் அடித்தேன். அம்புலன்ஸ் வந்து ஏ9 வீதியால் ஏற்றிப் போனது, சல்லிக்காசு வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் துண்டு எழுதியவர் கேட்டார்: "நீங்கள் என்ன முறை, அம்மா?"

"தங்கச்சி" என்றேன். 2009இல் போரில் இடம்பெயர்ந்து வந்த செட்டிகுளம் முகாமில் ஒரே கூடாரம் கிடைக்க வேண்டுமே என்று சொன்ன பொய், அப்படியே ஊருக்கும் நிலைத்துவிட்டது. இவர் இரண்டு அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தகப்பன் பேர் வேறையாக் கிடக்கே?" பெரியம்மாவின் மகள் என்று முண்டு கொடுத்தேன்.

பெண்கள் வாட்டு என்பதால் கூட நிற்க விட்டார்கள். அந்தமட்டில் வசதிதான். இரவில் போர்வைக்குள் என் பெருவிரலைப் பிடித்திருப்பாள். தாதி மிஸ்ஸியின் செருப்புச் சத்தம் கேட்டால் விட்டுவிடுவாள்.

சத்திரசிகிச்சைக்கு நெருங்கிய உறவினர் ஒப்பம் வேண்டும் என்றார் இளம் டொக்டர். பெரியம்மா மகள் போதாதாம். அவளுடைய அண்ணன் மகனுக்கு அடித்தோம். எங்கள் வீட்டுப் படி மிதிக்காதவன். "வாறன்" என்றான், வரவில்லை. வலியோடு இரண்டு நாள் வீணாகப் போனது.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். 1883இல் வெள்ளைக்காரன் இலங்கைக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில், ஒரே பாலார் உறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவு முதலில் ஆண்களை மட்டும்தான் பிடித்தது. 1995இல் திருத்தி எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அதை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. பிரிவு என்னவோ இன்னும் கிடக்கிறது. வலியில் கிடப்பவளை வைத்துக்கொண்டு அந்த மேசையில் துணிவைச் சோதித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை வயதான மிஸ்ஸி ஒருவர் படிவத்தைப் புரட்டினார். "ஆளுக்கு நினைவு தெளிவாத்தானே இருக்கு? அவவே ஒப்பம் வைக்கலாமே!" அவ்வளவுதான். மல்லாந்து படுத்தபடி, மட்டையை நெஞ்சில் வைத்து, கோணல்மாணலாக வைத்தாள். எங்களைப் போல இருப்பவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள்: நோயாளிக்குச் சுயநினைவு இருந்தால் அவர் ஒப்பமே போதும். முதல் நாளே கேட்கத் தெரியாமல் நின்றது என் பிழையும்தான்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று அதே மிஸ்ஸிதான் கிளினிக் கொப்பி எழுதினார். என் பெயரையும் போன் நம்பரையும் கேட்டு எழுதினார். முறை என்ற இடத்தில் பேனை நின்றது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு கோடு இழுத்துவிட்டுக் கொப்பியை நீட்டினார்.

அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. ஓட்டோ சொல்லியாச்சு.