முறை வைத்து உட்காருகிறோம்

கோத்தகிரியில் ஒரு கலைக்கூடம் திறக்கப்போகிறோம் என்று சொன்னதும் ஊரில் பலரும் கேட்டது, "டிக்கெட் எவ்வளவு?" டிக்கெட் இல்லை, யாருக்கும் சம்பளமும் இல்லை, நாங்களே முறை வைத்து உட்காருகிறோம் என்றால் அடுத்த கேள்வி, "அப்புறம் யாருக்கு லாபம்?" பச்சைத் தேயிலை விலையைப் பார்த்துக் குடும்பம் நடத்துகிற ஊரில் இப்படித்தான் கேட்பார்கள். நியாயம்தான்.

நான் தேயிலை பேக்டரியில் டீ மேக்கராக, அதாவது இலையைத் தூளாக்கும் வேலையை மேற்பார்க்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். வரையத் தெரியாது. குழுவில் ஓவிய ஆசிரியர் ஒருவர், வங்கி ஊழியர், நர்ஸ், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். முதல் கூட்டத்தில் எந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று நெடுநேரம் பேசினார்கள். சாவி யாரிடம் இருக்கும் என்று நான்தான் கேட்டேன். அன்றிலிருந்து முறைப் பட்டியல் என் தலையில்.

தன்னார்வலர்களிடம் எனக்குப் பிடிக்காத ஒரே பதில் "முடிஞ்சா வரேன்". பேக்டரியில் ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் வாட்டிய இலை காத்திருக்காது. இங்கே எதுவும் கெட்டுப்போகாதது போலத் தோன்றும். ஆனால் கட்டபெட்டிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், மறுபடி வரமாட்டார். அதனால் பட்டியலில் பெயர் எழுதிவிட்டால் வந்தே ஆகவேண்டும், முடியாவிட்டால் மாற்று ஆளையும் அவரே பிடித்துத் தரவேண்டும் என்று வைத்தோம். சம்பளமில்லாத வேலைக்கு இவ்வளவு கெடுபிடியா என்று ஓரிருவர் விலகினார்கள். விலகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு முறைக்கு இரண்டு பேர். ஒருவர் டீ குடிக்கப் போனால் இன்னொருவர் இருக்கவேண்டுமே. மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவோம். கிராமங்களுக்குப் போகிற பஸ் ஒரு காரணம், கரடி இன்னொரு காரணம். கோயில் விளக்கு எண்ணெய்க்காகக் கதவையே உடைக்கிற கரடிகள் இந்த மலையில் உண்டு. ஓவிய ஆசிரியர் கொண்டுவந்து வைத்திருந்த ஆளிவிதை எண்ணெய் டப்பாவை வீட்டுக்கே எடுத்துப்போகச் சொல்லிவிட்டோம்.

என் பழைய தொழில் கைகொடுத்தது ஈரப்பதத்தில். இலை நொதிக்கிற அறையில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் நின்றால்தான் டீ மேக்கருக்கு நிம்மதி. படங்களுக்கு அப்படியே தலைகீழ், 50 சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டும். கோத்தகிரியில் அது நடக்கிற காரியமா? தென்மேற்கு மழையும் உண்டு, அக்டோபருக்கு மேல் வடகிழக்கு மழையும் உண்டு, நடுவில் மூடுபனி. எங்கள் கட்டடத்தின் பழைய கல் சுவர் அத்தனையையும் குடித்து வைத்திருக்கும். சரி, குறைக்க முடியாவிட்டாலும் ஏறாமலாவது பார்க்கலாம் என்று ஈரப்பதத்தைக் கணக்கிட உதவும் ஈரக் குமிழ், உலர் குமிழ் வெப்பமானி ஒன்றை மாட்டி, முறைக்கு வருபவர் நோட்டில் எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். பாட்டில் கார்க்கை வட்ட வட்டமாக அறுத்து, சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் ஒட்டினோம். ஒரு விரல் இடைவெளி. காற்று போய்வர அது போதும். நீர்வண்ண ஓவியத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் கூடாது என்பது அருங்காட்சியகக் கணக்கு. அதனால் அவை உள்சுவருக்குப் போயின. ஜன்னல் பக்கம் எண்ணெய் ஓவியங்களுக்கு.

உண்மையான சண்டை காசில் வந்தது. முதல் கண்காட்சிக்கு வெள்ளரிக்கொம்பைப் பக்கத்துக் குறும்பர் பழங்குடியினரின் ஓவியங்கள், தோடர் பழங்குடியினரின் பூவேலை, எஸ்டேட் வாழ்க்கையை வரைந்த சில படங்கள். "நாமெல்லாம் சேவையாகத்தானே செய்கிறோம், அவர்களும் ஆளுக்கு ஒன்று அன்பளிப்பாகக் கொடுக்கட்டுமே" என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. நாம் சும்மா உட்காருவது நம் விருப்பம். வேங்கை மரப் பிசினைச் சேர்த்து, இலையை அரைத்துப் பச்சை எடுத்து வரைகிறவருக்கு அது பிழைப்பு. தோடர் பெண்கள் தங்கள் பூத்துக்குளிச் சால்வையில் கோடு எதுவும் போட்டுக்கொள்ளாமல், துணியின் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். ஒரு சால்வை முடிய வாரக்கணக்கில் ஆகும். அந்த வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் குறியீடு அரிசி வாங்கித் தராது. வணிகக் கூடங்கள் விற்ற விலையில் 30 முதல் 50 சதவீதம் வரை எடுப்பது வழக்கம். நாங்கள் 10 என்று முடிவு செய்தோம், கரண்ட் பில்லுக்கும் பல்புக்கும். விலையை வரைந்தவரே சொல்வார், விற்ற வாரமே பணம் போய்விடும், பேரம் கிடையாது. ஊட்டியில் ஸ்வெட்டர் வாங்கிய கையோடு வருகிறவர்களிடம் இந்தக் கடைசி விதியைச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

திறப்பு விழாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரிப்பன், மைக், மழை.

அடுத்த வாரம் கொழுந்து பறிக்கிற பெண்கள் சிலர் வேலை முடிந்து வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். ஷூவோடு உள்ளே நின்ற சுற்றுலாக்காரர்கள் நெளிந்தார்கள். "செருப்போடு வரலாம்" என்று பலகை எழுதி வைத்தோம், அப்போதும் கழற்றினார்கள். தரை ஐஸாகக் குளிரும். அதனால் ஜமுக்காளம் விரித்தோம். பலகையை எடுத்துவிட்டோம்.

அவர்களில் ஒருவர் தேயிலைத் தோட்டப் படத்தின் முன்னால் நின்று, "இந்தப் பொண்ணு கொத்தாப் புடிச்சு உருவுதே, மேஸ்திரி திட்டமாட்டாரா? ரெண்டு இலை ஒரு கொழுந்து, அதைத்தானே கிள்ளணும்" என்றார். பக்கத்திலிருந்தவர், "இப்ப யாருடி கையில கிள்ளுறா, எல்லாம் கத்திரிதான்" என்றார். அந்தப் படத்தை வரைந்த கல்லூரிப் பையன் அன்றைக்கு முறையில் இருந்தான். முகம் சுண்டிப்போனாலும் நோட்டை எடுத்துக்கொண்டு, "எப்படிக்கா, காட்டுங்க" என்று போய் நின்றான். அவர் அவன் பேனாவை வாங்கி நிமிர்த்திப் பிடித்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து மூடியை மட்டும் சொடுக்கி எடுத்துக் காட்டினார். "நகத்தை வைக்காத தம்பி, விரல்தான்." இதுவரை வந்த விமர்சகர்களில் அவரைத்தான் நான் முதலில் வைப்பேன்.

இப்போது கவலை சீசன். 2024 மே முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுக்கவேண்டும் என்றாலும் ஏப்ரல், மேயில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தங்கும் விடுதியிலும் கடையிலும் வேலை நெட்டித் தள்ளும், பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஞாயிறு மதியத்துக்கு இன்னும் இரண்டு பெயர் வேண்டும். ஓவியம் தெரிந்திருக்கவேண்டியதில்லை, வெப்பமானி பார்க்கத் தெரிந்தால் போதும். அதையும் நானே சொல்லித் தருகிறேன்.