சுருதிப்பெட்டி காட்டிக்கொடுத்த கோளாறு

இரண்டு மாதங்களாக என் மடிக்கணினியில் கம்பியில்லா ஹெட்போனைப் புளூடூத் வழியாக இணைத்து எதைக் கேட்டாலும் ஒலி இடையிடையே அறுபட்டுக்கொண்டிருந்தது. பேச்சு என்றால் ஓர் எழுத்தோ ஒரு சொல்லோ காணாமல் போகும். முன்பின் சொற்களைக் கொண்டு அதை நாமே நிரப்பிக்கொண்டு போய்விடலாம். நாகசுரத்தில் தோடி ஆலாபனை கேட்கும்போது அது நடக்காது. நீண்ட கார்வை ஒன்றின் நடுவே திடீரென்று ஒரு வெட்டு விழும், அடுத்த கணம் ஒன்றும் நடக்காததுபோல் நாதம் தொடரும், நமக்குத்தான் மனம் ஒட்டாது.

பழுதுபார்க்கும் மையம் ஒன்றில் காட்டியபோது, பத்து நிமிடம் பார்த்துவிட்டு மதர்போர்டை மாற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். ஹெட்போன் வாங்கிய கடையில், ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கிறது, மடிக்கணினிக்கு வயதாகிவிட்டது என்றார்கள். இருவரும் எனக்குச் செலவு வைப்பதில் மட்டும் ஒத்துப்போனதால், சில மாலைப் பொழுதுகளை ஒதுக்கி நானே தேடிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். என் கணினியில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். ஆனால் கீழே சொல்வதில் பெரும்பகுதி விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் எனக்குத் தேவைப்பட்டது ஓர் அளவுகோல். பாட்டைப் போட்டுச் சோதித்தால், பாட்டிலேயே இருக்கும் நிறுத்தம் எது, கோளாறால் விழுந்த வெட்டு எது என்று ஐயம் வந்துவிடுகிறது. அதனால் அரை மணி நேரத் தம்பூரா சுருதி ஒன்றைக் கணினியிலேயே கோப்பாக வைத்துக்கொண்டு அதை ஓடவிட்டேன். இடைவிடாத நாதத்தில் நூலிழை அளவு வெட்டு விழுந்தாலும் காது பிடித்துவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் நோட்டில் ஒரு கோடு. பத்து நிமிடத்துக்கு ஒரு வரிசை. முதல் வரிசையில் 31 கோடுகள் இருந்தன.

அதே கோப்பைக் கம்பி ஹெட்போனில் கேட்டபோது ஒரு வெட்டும் இல்லை; ஆகவே கோப்பும் அதை இயக்கும் மென்பொருளும் குற்றமற்றவை. கம்பியில்லா ஹெட்போனைக் கைப்பேசியோடு இணைத்து அறை முழுதும் நடந்தேன். அப்போதும் வெட்டு இல்லை. மிஞ்சியது மடிக்கணினிக்கும் ஹெட்போனுக்கும் இடையிலுள்ள காற்றுவெளி ஒன்றுதான்.

அந்தக் காற்றுவெளியில் நடப்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் பட்டையில் இயங்குகிறது. ஹெட்போன்கள் பயன்படுத்தும் வழக்கமான புளூடூத், 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றாக 79 தடங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு வினாடிக்கு 1600 முறை வரை தடம் விட்டுத் தடம் தாவுகிறது. ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தால் அங்கே போன துண்டு தொலையும். தொலைந்ததை மறுபடி அனுப்பிக்கொள்ளும். ஹெட்போனுக்குள் சிறிதளவு ஒலி எப்போதும் இருப்பாக இருப்பதால் இந்தத் தொலைதலும் மீட்சியும் நம் காதுக்கு எட்டுவதில்லை. மறுபடி மறுபடி தொலைந்து அந்த இருப்பும் தீர்ந்துபோகும் தருணத்தில்தான் வெட்டு கேட்கிறது. ஆக, வெட்டு கேட்பதற்கு வெகு முன்பே இணைப்பு திணறத் தொடங்கியிருக்கும்.

திணறடிப்பவற்றில் முதல் ஆள் வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சேனலுக்குச் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களிலும் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் இருந்தால், புளூடூத்தின் 79 தடங்களில் அறுபதுக்கும் மேற்பட்டவை நெரிசலில் மாட்டிவிடும். நெரிசலான தடங்களைத் தவிர்த்துத் தாவும் திறன் 2003-ல் வந்த புளூடூத் 1.2 முதலே உண்டு என்றாலும், குறைந்தது 20 தடங்களாவது அதற்குத் தேவை. நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் என் மேசையிலிருந்து பார்த்தால் பதினேழு வைஃபை பெயர்கள் தெரிகின்றன.

பக்கத்து வீட்டாரைக் குறை சொல்வதற்கு முன் என் வீட்டைப் பார்த்தேன். என் மடிக்கணினியில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிறிய அட்டையில் இருக்கின்றன, ஆன்டெனாவையும் பகிர்ந்துகொள்கின்றன. வைஃபையும் 2.4 பட்டையிலேயே ஓடினால் இரண்டும் முறைவைத்துத்தான் பேச வேண்டும். சுருதியை ஓடவிட்டுக்கொண்டே பெரிய கோப்பு ஒன்றை இறக்கியபோது வெட்டுகள் மளமளவென்று விழுந்தன; கணினியை ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாற்றிவிட்டு அதே கோப்பை மறுபடி இறக்கியபோது பெரும்பாலும் அடங்கிவிட்டன. ரவுட்டர் இரண்டு பட்டைகளுக்கும் ஒரே பெயரை வைத்திருந்ததால் கணினி தன் விருப்பப்படி 2.4-ஐப் பிடித்துக்கொண்டிருந்தது; பெயரைப் பிரித்துவைத்ததும் அந்தத் தொல்லை போயிற்று. 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டுவதில் சற்றுச் சோம்பேறி என்பதால், ரவுட்டர் இரண்டு அறை தள்ளி இருப்பவர்களுக்கு இந்த வழி அவ்வளவு எளிதாக அமையாது. நோட்டில் 31 என்பது 12 ஆயிற்று.

அந்தப் பன்னிரண்டுதான் என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. பகலில் நான்கைந்து கோடுகள்தான். இரவு எட்டு மணிக்கு மேல் எண்ணிக்கை ஏறிவிடும். இரவில் எல்லோரும் படம் பார்ப்பதால் வைஃபை நெரிசல் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். உண்மை மேசையின் மேலேயே இருந்தது. இரவில்தான் நான் புகைப்படங்களைச் சேமிக்க வெளி ஹார்டு டிஸ்கைச் செருகுவது வழக்கம். அது யூ.எஸ்.பி 3.0 வகை. செருகும் துளை மடிக்கணினியின் இடப்புறத்தில், திரையின் கீலிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கிறது. கேபிளோ ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஆகவே டிஸ்க், ஆன்டெனா ஓடும் திரைச் சட்டத்தின் காலடியிலேயே கிடந்தது.

யூ.எஸ்.பி 3.0 வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவலைத் தள்ளுகிறது. அந்த வேகத்தில் ஓடும் மின்துடிப்புகள், செருகியிலிருந்தும் கேபிளிலிருந்தும் பரந்த அதிர்வெண்களில் இரைச்சலாகக் கசிகின்றன. அதில் ஒரு பகுதி நேராக 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வந்து விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டு, கம்பியில்லா மவுஸ் முதலான கருவிகள் யூ.எஸ்.பி 3.0 டிஸ்குக்கு அருகில் திணறுவதை அளந்து காட்டியிருக்கிறது. இது புளூடூத் தாவித் தப்பக்கூடிய இரைச்சல் அன்று. ஒரு சேனலில் அடங்காமல் பட்டை முழுதும் பாய் விரித்தாற்போல் கிடப்பது. நான் செய்ததெல்லாம், ஒரு மீட்டர் கேபிள் வாங்கி டிஸ்கை மேசையின் மறு ஓரத்துக்கு, வலப்புறத் துளை வழியாகக் கொண்டுபோனதுதான். நடுவில் அடுக்களையிலிருந்து அலுமினியத் தாளை எடுத்துவந்து டிஸ்கைச் சுற்றியும் பார்த்தேன். கொஞ்சம் பயன் இருந்தது. ஆனால் டிஸ்க் இட்லித்தட்டு போல் சூடாகவே, தாளைப் பிரித்துவிட்டேன். கேபிளின் தரமும் முக்கியம். மலிவான கேபிளில் கவசம் பேருக்குத்தான் இருக்கும்.

இதற்குப் பிறகும் நான்கு கோடுகள் எஞ்சின. அவற்றில்தான் இந்தக் கதையின் வெட்கக்கேடான பகுதி இருக்கிறது. எஞ்சிய வெட்டுகள் தாளக்கட்டோடு, ஏறத்தாழ சமமான இடைவெளிகளில் வந்தன. நெரிசலால் விழும் வெட்டுகளுக்குத் தாளம் இராது. தாளம் இருக்கிறது என்றால் ஏதோ ஒரு கடிகாரம் அதை இயக்குகிறது என்று பொருள். கணினியில் என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன என்று பட்டியல் எடுத்தேன், ஒலிச் சேவையை மறுபடி தொடங்கினேன், கணினியின் பதிவேட்டை வரி வரியாகப் படித்தேன். இவ்வளவும் செய்யும்போது, இணைப்பு நிலையைக் கண்காணிப்பதற்காக அமைப்புகளில் புளூடூத் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன். அந்தப் பக்கம் திறந்திருக்கும்வரை, அருகில் புதிய கருவி ஏதேனும் உண்டா என்று கணினி ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். தேடுவதற்கும் அதே ரேடியோதான்; தேடும் நேரத்தில் ஒலிக்கான முறை தள்ளிப்போகிறது. நோயைக் கண்காணிக்க நான் வைத்த கண்ணே நோயாக இருந்தது. அந்தப் பக்கத்தை மூடினேன், சுருதி பத்து நிமிடம் அப்பழுக்கில்லாமல் ஓடியது.

வேறு சில தொல்லைகளும் இந்தக் கோளாற்றின் வேடத்தில் வருகின்றன. அமைதிக்குப் பிறகு வரும் முதல் அசை மட்டும் காணாமல் போனால், ஒலிக்கும் வேலை இல்லாத நேரத்தில் கணினி அந்த ஒலிப்பாதையை உறங்க வைத்திருக்கிறது என்று பொருள். அலைகளுக்கு அதில் பங்கில்லை. இணைப்பே முழுதாகத் துண்டித்துத் துண்டித்துச் சேர்ந்தால், மின்சேமிப்பைச் சந்தேகிக்கலாம். விண்டோஸில் சாதன மேலாளரைத் திறந்து, புளூடூத் அடாப்டரின் மின்மேலாண்மைப் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். காணொளிக் கூட்டத்தில் சேர்ந்தவுடன் இசை கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மாறினால் அது பழுதே அன்று. ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் வழக்கமான புளூடூத் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். மைக்காக மடிக்கணினியினுடையதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் ஹெட்போனில் இசைத்தரம் அப்படியே நிற்கும்.

ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்கும் முறையான கோடெக் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காமல் போகலாம். என் ஹெட்போன் எல்டாக் கோடெக்கை ஏற்கும். அதன் உச்ச அளவு வினாடிக்கு 990 கிலோபிட். அடிப்படையான எஸ்.பி.சி கோடெக்கின் வழக்கமான உயர்தர அளவு 328 கிலோபிட். நெரிசலான வீதியில் மூன்று மடங்கு அகலமான வண்டியை ஓட்டினால் இடிபடத்தான் செய்யும். உபுண்டுவின் ஒலி அமைப்பில் எஸ்.பி.சிக்கு மாற்றிவிட்டு நாகசுரத்தைக் கேட்டேன். என் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. வெட்டு இல்லாத 328, வெட்டு விழும் 990-ஐவிட எனக்கு மேலானது.

இப்போது நோட்டில் பெரும்பாலான வரிசைகள் வெறுமையாக இருக்கின்றன. ஒன்று மட்டும் மாறவில்லை. என் மேசைக்குப் பின்சுவருக்கு அப்பால் அடுக்களை. சுவரை ஒட்டி மைக்ரோவேவ் அடுப்பு. அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அருகில்தான் வேலை செய்கிறது. கதவு இடுக்கில் கசிவது உடலுக்குத் தீங்கற்ற அளவேயானாலும் புளூடூத்துக்கு அது பெருஞ்சத்தம். யாராவது பால் சூடாக்கினால் இரண்டு நிமிடம் சுருதி துண்டு துண்டாகிறது. அடுப்பை நகர்த்தலாமா என்று வீட்டில் கேட்டுப் பார்த்தேன்; மேசையை நகர்த்திக்கொள் என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகர்த்த இருக்கிறேன்.